எல்லைச் சாவடியில் என் மகள் ஒப்பித்தது

"நீயும் அப்பாவும் வர முடியலைன்னா, நான் யார் வீட்டுக்குப் போறது?"

இந்தக் கோடையில், வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமின் சாப்பாட்டு மேசையருகே பெல்ட் போட்டு உட்கார்ந்தபடி என் ஆறு வயது மகள் ஆங்கிலத்தில் இப்படிக் கேட்டாள். வண்டி அமெரிக்க எல்லைச் சாவடிக்கு முன்னால் நீண்ட வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தது. "அப்படியெல்லாம் ஆகாது கண்ணு" என்றேன். அது பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், மறுபடி கேட்கவில்லை.

அவளை அப்படிக் கேட்க வைத்தது நான்தான்.

அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலை விசாவில் இருப்பவர்கள். மகள் இங்கேயே பிறந்தவள், அமெரிக்கக் குடிமகள். கணவரின் தங்கை எல்லைக்கு அந்தப் பக்கம், டொராண்டோவில் இருக்கிறாள். பள்ளி விடுமுறையில் அவளைப் பார்க்க மோட்டார்ஹோமில் போக வேண்டும் என்பது கணவரின் ஆசை. வீடு மாதிரி வண்டி, நினைத்த இடத்தில் நிறுத்தி ரசம் வைக்கலாம் என்று சொல்லித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தார். சாலையில் சின்னப் பள்ளம் வந்தால்கூட அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கோயில் மணி போல அடித்தன. அவற்றைத் துண்டில் சுற்றிவைத்தேன். நாங்கள் போய் இறங்கியதும் நாத்தனார் வாசலில் நின்று சிரித்தாள். "என்ன அண்ணி, எங்கண்ணன் லாரி ஓட்டக் கிளம்பிட்டாரா? லோடு எங்கே?"

போகும்போது எந்தச் சிக்கலும் இல்லை. எனக்குத் திரும்பி வருவதை நினைத்துத்தான் பயம். எங்கள் விசா செல்லுபடியானது, பாஸ்போர்ட் சரி, வேலைக்கான தாள்கள் எல்லாம் சரி. வக்கீலிடமும் கேட்டாகிவிட்டது. ஆனாலும் காகிதம் சரியாக இருப்பதற்கும் மனம் சரியாக இருப்பதற்கும் எங்கள் கூட்டத்தில் பெரிய சம்பந்தம் கிடையாது. சென்னையில் என் முதல் விசா நேர்காணலுக்கு முன்னால் அப்பா, அண்ணன், அண்ணனின் நண்பர் என்று ஆளாளுக்கு அதிகாரியாக உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டார்கள். "கேட்டதுக்கு மட்டும் பதில். சிரிச்ச முகமா இரு, ஆனா சிரிக்காதே." எனக்குத் தெரிந்த ஒரே முன்னேற்பாடு அதுதான். அதையே மகளுக்கும் செய்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, நாத்தனார் வீட்டு வாகனப் பாதையில் நின்ற மோட்டார்ஹோமுக்குள் நான் அதிகாரியானேன்.

"உன் பேர் என்ன? எங்கே பிறந்தே? இவங்க யாரு?"

"ஹி இஸ் மை டிரைவர்" என்று அப்பாவைக் காட்டினாள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஷி இஸ் மை குக்" என்று அடுத்து என்னைக் காட்டினாள்.

"விளையாடாதே கண்ணு."

"கலெக்டர் பரீட்சைக்கா தயார் பண்றே? குழந்தைம்மா அவ" என்றார் கணவர்.

அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. நாளைக்கும் இவள் இப்படியே ஏதாவது உளறிவைத்தால்? "இப்படிப் பேசினா உன்னை மட்டும் உள்ளே விட்டுடுவாங்க. எங்களை விடமாட்டாங்க. பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டேன். ஆபீசரிடம் பொய் மட்டும் சொல்லவே கூடாது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் ஒரு தப்பும் இல்லாமல் சொன்னாள். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாட்டு மனப்பாடம் செய்வது போல, குளிக்கும்போதும் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அதில் திருப்திகூட இருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் உறுத்துகிறது.

மறுநாள் எல்லைக்கு முன்னால் ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தி, மிச்சமிருந்த ஆரஞ்சுப் பழங்களையெல்லாம் உரித்து ஆளுக்குக் கொஞ்சமாகத் தின்று தீர்த்தோம். பழம் கொண்டுபோனால் கேள்வி வருமாம். மகள் கடைசிச் சுளைகளை மெல்ல முடியாமல் மென்று விழுங்கினாள்.

சாவடியில் கணவர் ஜன்னலை இறக்கிப் பதில் சொன்னார். அங்கிருந்தவர் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, மோட்டார்ஹோம் என்பதால் உள்ளே ஒரு பார்வை பார்க்க வேண்டும், ஓரமாக நிறுத்துங்கள் என்றார். அது வழக்கமான சோதனைதான். எங்களை இறங்கி நிற்கச் சொன்னார்கள். ஒருவர் உள்ளே போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். எங்களோடு நின்ற பெண் அதிகாரி, பேச்சுக்காக, மகளைப் பார்த்துக் குனிந்து, "பயணம் நல்லா இருந்ததா?" என்று கேட்டார்.

மகள் என் கையை விட்டுவிட்டு ஓரடி முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள். பெயரைச் சொன்னாள். பிறந்த ஊரைச் சொன்னாள். நான் அமெரிக்கன் என்றாள். இதுவரை நான் சொல்லிக் கொடுத்தது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் அவளே சேர்த்தது. "தே ஆர் வித் மீ" என்றாள், கையைப் பின்னால் நீட்டி எங்கள் இருவரையும் காட்டி. இவங்க தினமும் வேலைக்குப் போறாங்க, சண்டை போட மாட்டாங்க, ப்ளீஸ் உள்ளே விடுங்க, எனக்குச் சமைக்கத் தெரியாது.

அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

"இல்லை" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதிகாரி மேலே எதுவும் கேட்கவில்லை. முட்டி மடக்கி உட்கார்ந்து, உன் அம்மாவும் அப்பாவும் உன்னோடுதான் வருகிறார்கள் என்று அவளிடம் நிதானமாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எங்களை அனுப்பிவிட்டார்கள். கணவர் ஸ்டியரிங்கைத் தட்டி, "பாத்தியா? நம்மளையே இவதான் ஸ்பான்சர் பண்றா" என்றார். நானும் சிரித்தேன். வெகு தூரம் வந்த பிறகு பின்னாலிருந்து மகள் கேட்டாள், இந்த முறை தமிழில்: "அம்மா, நீ ஆபீசர்கிட்ட பொய் சொன்னே. அவங்க கண்டுபிடிப்பாங்களா?"

ரேடியோ சத்தத்தில் காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

டிசம்பரில் சேலத்தில் என் தம்பிக்குக் கல்யாணம். டிக்கெட் பார்க்கத் தொடங்கியதும் மகள் வரமாட்டேன் என்கிறாள். புதுப் பாவாடை, குதிரை வண்டி ஊர்வலம் எதைச் சொன்னாலும் மசியவில்லை. அவள் கணக்கு அவளுக்குத் தெளிவாக இருக்கிறது. நாம் வெளியே போகாவிட்டால், யாரும் நம்மை உள்ளே விட வேண்டியதில்லை. அதிலும் அம்மா பொய் சொன்னவள். கணவர், "பிளேன்ல ஏறினா மறந்துடுவா, நீ பெருசு பண்ணாதே" என்கிறார். நான் பெரிதுபடுத்தாமல் இருந்திருந்தால் இது தொடங்கியே இருக்காது என்பதால் அவரிடம் வாதாட எனக்கு வாயில்லை.

அன்று பொய் சொன்னது தப்பு என்று அவளிடம் ஒத்துக்கொள்ளலாம். அப்புறம், அம்மா பிடிபடுவாள் என்ற பயம் அவளுக்கு உறுதியாகிவிடுமோ என்று இருக்கிறது. அது சின்னப் பொய் என்றால், சின்னப் பொய் சொல்லலாம் என்றாகிவிடும். நான் சும்மா மிரட்டினேன், அப்படியெல்லாம் யாரும் நம்மைப் பிரிக்க மாட்டார்கள் என்று சொல்லத்தான் மனம் துடிக்கிறது. ஆனால் விசாவில் இருக்கும் நான் அதை எந்த உறுதியில் சொல்வேன்? பயமுறுத்தச் சொன்ன வார்த்தையில் பொய் எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

உங்களில் பலருக்கு என்னைப் போலவே, குழந்தைக்கு ஒரு நாட்டு பாஸ்போர்ட்டும் உங்களுக்கு வேறொன்றும் இருக்கும். கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது விமான நிலையக் குடிவரவுச் சோதனை வரிசையில் மகள் என் பக்கத்தில் நிற்பாள். அதற்கு முன் அவளிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும்? உங்கள் குழந்தைகளிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். சொல்லிச் சொதப்பியிருந்தால் அதையும் எழுதுங்கள்.