கோப்பிக் கப்புக்கு அடியில் கிடந்த கடிதம்

அந்தக் கடித உறை இன்றைக்கும் என் அலுமாரிக்குள் இருக்கிறது. இந்திய முத்திரை ஒட்டிய நீள உறை. நடுவில் வட்டமாய் ஒரு பழுப்புக் கறை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி, "அம்மம்மா, இந்தக் குப்பையை ஏன் வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டாள். குப்பையாம். எனக்குத் திரும்பவும் கோபம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் அவருடைய தங்கையும் ஒரே அறையில் இருந்தோம். அந்தத் தங்கைதான் என் மச்சாள். மன்னாரிலிருந்து வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மெட்ராசில் ஒரு கல்லூரியில் கம்பியூட்டர் படித்தவள். அவளுடைய பட்டச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் நானேதான் மாட்டினேன். எனக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஆனால் செபம் சொல்லும்போது கண் மாதாவை விட்டு அங்கேதான் போகும். அதன் தலைப்பில் ஒரு விளக்கு, இரு பக்கமும் பனையோலை. அந்தச் சின்னம் மனத்தில் அப்படியே பதிந்துவிட்டது. மாதா மன்னிக்கட்டும்.

அவ்வளவு படித்தவள் மொண்டெல்லோவில் ஒரு சின்யோரா, அதுதான் இத்தாலிய எஜமானியம்மா, வீட்டில் உடுப்புத் தோய்த்து மினுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான், பொலிதேயாமாப் பக்கம் நான் விடியக் காலையில் தரை துடைக்கிற தனியார் கல்வி நிலையத்தைப் பற்றி அவளுக்குத் தெரியவந்தது. சில வெளிநாட்டுக் கல்லூரிகளோடு அவர்களுக்கு உடன்படிக்கை இருந்தது. அந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் இரண்டு வருட முதுமாணிப் படிப்பை ஒரே வருடத்தில் முடிக்கலாம். கடைசி வருடத்தில் கூடுதலாய்ப் படித்த பாடங்களை இங்கே சேர்த்துக்கொள்வார்கள். மச்சாளின் கல்லூரியும் அதில் ஒன்று. நான்கு பாடம் அவள் முன்பே முடித்திருந்தாள். மாலையில் வகுப்பு, ஊரே லீவு போட்டுக் கடற்கரையில் கிடக்கிற ஆவணியிலும் வகுப்பு. அவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள்.

"கம்பியூட்டர் படிச்சா இனிக் கூட்டுற தும்புத்தடி தானா ஓடுமோ?" என்று என் வீட்டுக்காரர் பகிடி விட்டார்.

"ஓடும் அண்ணா. முதல் உங்களைத்தான் தட்டும்."

ஒரேயொரு சிக்கல். பட்டம் எடுத்து மூன்று வருடத்துக்குள் சேர வேண்டும். அவளுக்கு அதுதான் கடைசி வருடம். அவள் படித்ததை உறுதிப்படுத்தி மெட்ராஸ் கல்லூரி நேரடியாக ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். கல்லூரி அனுப்பியாயிற்று என்று சொன்னது. இங்கே இருந்த செயலாளர் பெண்ணோ வரவில்லை என்றாள். மூன்று தரம் போய்க் கேட்டாள் மச்சாள். மூன்றாம் தரம், உன்னுடைய கல்லூரி உண்மையில் கல்லூரிதானா என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டாளாம். மச்சாள் அழவில்லை. வீட்டுக்கு வந்து சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி உடுப்புப் பெட்டிக்குள் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமையோட முடியுது மச்சாள். இனி இதைப் பற்றிக் கதைக்காதேங்கோ."

துப்புரவு வேலைக்குப் போகிறவருக்கு எங்கள் ஆட்கள் முதல் நாளே ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள்: மேசையில் கிடக்கிற கடதாசியைத் தொடாதே, சுற்றித் துடை. நானும் அப்படித்தான். அந்தச் செயலாளரின் கோப்பிக் கப்பை (பொம்மைக்கு வாங்கினது போல அவ்வளவு குட்டி) தினமும் கழுவி, இருந்த கடதாசிக்கு மேலேயே திரும்ப வைப்பேன். வியாழக்கிழமை கப்பைத் தூக்கினால் கடதாசியும் கூடவே வருகிறது. இந்த ஊர்க்காரர் கோப்பிக்குச் சீனியை அள்ளிக் கொட்டுவார்கள். அது ஒட்டிப் பிடித்திருந்தது. பிரித்துத் திருப்பினேன். விளக்கு. இரு பக்கமும் பனையோலை. உறையை உடைக்கவே இல்லை. எத்தனை நாள் என் கையாலேயே அதன் மேல் கப்பை வைத்தேனோ.

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. நிர்வாகியின் கதவடியில் வாளியோடு ஒன்பது மணி வரை நின்றேன். எனக்குத் தெரிந்தது தரையும் வாளியும் பற்றிய இத்தாலியன்தான். கடிதம், மச்சாள், கம்பியூட்டர் என்ற மூன்று சொல்லையும் அவருக்கு முன்னால் மாற்றி மாற்றிச் சொன்னேன். அவர் உறையைக் கிழித்து வாசித்தார். செயலாளரைக் கூப்பிட்டார். அவள் கொஞ்சமும் கூசாமல், இந்திய முத்திரையைப் பார்த்ததும் யாரோ வீட்டு வேலை கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றாள். அதைக் கேட்டு அவர் சிரித்தார். மச்சாளைச் சேர்க்கக் கையெழுத்தும் போட்டார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பு கப்புக்கு அடியில் கிடந்ததில் சிரிக்க என்ன இருந்தது?

உறையை அவர் குப்பைக் கூடைக்குள் போட்டார். கூடையைக் கொட்டுகிறவள் நான்தானே, எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த கிழமை, கடதாசியைத் தொட்டதற்காக என்னை அந்த இடத்திலிருந்து நிறுத்தினார்கள். வுச்சீரியாப் பக்கம் லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்தில் படி துடைக்கும் வேலை கிடைத்தது. மச்சாள் வகுப்புக்குப் போகிறாள் என்ற புளுகத்திலும் சந்தோசத்திலும் அந்த ஐந்து மாடியும் எனக்குப் பெரிதாய்த் தெரியவில்லை.

ஒரே வருடத்தில் முடித்தாள். இப்போது வேறு நாட்டில் கல்லூரியில் படிப்பிக்கிறாள். போனில் கதைக்கும்போது, "அது முடிஞ்ச கதை, விடுங்கோ மச்சாள்" என்பாள். அவளுக்கு முடிந்தது, எனக்கு முடியவில்லை. அவளிடம் ஒருவரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லையே.

எல்லாம் கேட்ட பேத்தி உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். படமெடுத்து, கம்பியூட்டரில் அந்தக் கறையை மட்டும் அழித்துப் புதிது போலத் தரட்டுமா என்று கேட்டாள்.

"தொடாதை பிள்ளை," என்றேன். "இவ்வளவு வருஷமா அவையின்ர கறையெல்லாம் நான்தான் துடைச்சனான். இது கிடக்கட்டும்."