புஷ்பத்தின் சிறகவரை

பொய் சொன்னேன். ஒரு காயின் மேல் பழி போட்டேன். அதன் வழியே ஒரு பெண்ணின் மேல். இதுவரை எவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் பிற்பகுதி. திருத்தங்கலில் நான் ஆசிரியை. புஷ்பம் என் பக்கத்து வீட்டுக்காரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கணவனோடும் இரு மகள்களோடும் திரும்பி வந்தவள். தீப்பெட்டி ஆபீசில் வேலை.

இலங்கையிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த சிறகவரை விதைகளில் பாதியை எனக்குத் தந்தாள். கொடைக்கானலிலிருந்து என் தம்பி அனுப்பிய பீட்ரூட் விதைகளில் பாதியை நான் அவளுக்குத் தந்தேன். இரண்டுமே எங்கள் தெரு கண்டிராதவை.

என்ன கை அது! கண்மாய் வண்டலைத் தலையில் சுமந்து வந்து கொட்டினாள். பாத்திரம் கழுவிய நீரைக்கூட வீணாக்கவில்லை. அந்த வறண்ட மண்ணில் என் பீட்ரூட் அவளிடம் இரத்தச் சிவப்பாய் விளைந்தது. பந்தல் முழுக்க நான்கு சிறகு விரித்த பச்சைக் காய்கள்… தெருவே வந்து பார்த்தது. அவளும் வீடு வீடாகப் பறித்துக் கொடுத்தாள்.

என் வீட்டிலோ, அவள் தந்த விதை முளைத்துக் கருகியது. என் பீட்ரூட்டும் இலையோடு நின்றது.

பொறாமையா? ஆம். வேறென்ன பெயர் சொல்வேன்!

ஒருநாள் என் மகன் ஓயாமல் வாந்தி எடுத்தான். கெட்டுப்போனது நான் ஊற்றிய மீன் குழம்பு. அது எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து, "பிள்ளைக்கு என்ன செய்யுது டீச்சர்?" என்றாள்.

"புஷ்பம் கொடுத்த காய்தான்…" என்றேன்.

அவ்வளவுதான். மாலைக்குள் அவள் பந்தலுக்கு முன் கூட்டம் கூடிவிட்டது. "விசக்கொடியப் பிடுங்குங்கலே!" என்று ஒருவன் கத்தினான். நான் என் வாசலில் நின்றேன். வாய் திறந்தேனா? இல்லை!

புஷ்பம் அழவில்லை. கத்தவும் இல்லை. பிஞ்சுகளைப் பறித்தாள். மகள்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்து, தானும் பச்சையாகவே கடித்துத் தின்றாள்.

"விடியட்டும். நாங்க மூணு பேரும் எந்திரிக்கலைன்னா வந்து பிடுங்குங்க," என்றாள்.

அத்தனை பேரும் கலைந்தார்கள். அப்படி ஒரு துணிவை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

விடிந்ததும் தெரு எட்டிப் பார்த்தது. அவள் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு கஞ்சிச் செம்போடு என் வீட்டுக்கு வந்தாள். என் மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்களுக்கு ஒண்ணும் செய்யல டீச்சர். ஆனா சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கிடாது போல. தெரியாமக் குடுத்துட்டேன்… மன்னிச்சிக்கிடுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மீன் குழம்பு என்று இரண்டே சொற்கள்!

"பரவாயில்லை, புஷ்பம்" என்றேன்.

ஆம்… நான் அவளை மன்னித்தேன்.