என் வயிறு தேர்ந்தெடுத்த கார்

எங்கள் வீட்டுக்கு எந்தக் கார் என்று முடிவு செய்தது என் வயிறு. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை இவ்வளவு பெரிய காரியத்தில் தீர்ப்புச் சொன்னது கம்பம் வட்டாரத்தில் வேறு எந்த வீட்டிலாவது நடந்திருக்குமா?

வயிற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மலைப்பாதை ஆகாது. லோயர் கேம்ப் தாண்டி பஸ் முதல் வளைவில் திரும்பினால் போதும், தின்றதெல்லாம் தொண்டைக்கு வந்துவிடும். குமுளி பஸ் கண்டக்டர்களுக்கு என் முகம் மனப்பாடம். டிக்கெட் கிழிக்கும் முன்பே ஜன்னலோரத்தில் யாரையாவது எழுப்பிவிட்டு என்னை உட்கார வைப்பார்கள்.

சுருளிப்பட்டி போகிற வழியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. அந்த வருடம் விளைச்சலும் விலையும் சேர்ந்து நன்றாக அமைந்தன. எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்குத் தேனியிலிருந்து அத்தையும் மாமாவும் நீளமான வெள்ளைக் காரில் வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தன் பைக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

புரோக்கர் ஒருவர் இரண்டு பழைய கார்களைக் காட்டினார். ஒன்று மாமாவுடையதைப் போலவே வெள்ளை, அதைவிடக் கொஞ்சம் நீளம். இன்னொன்று குட்டையாக, தலை மட்டும் உயரமாக, சிவப்பாக இருந்தது. அப்பாவுக்கு வெள்ளை மேல் கண். அம்மாவுக்குச் சிவப்பு மேல்.

"கல்யாணத்துக்குப் போயி எறங்குனா நாலு பேரு திரும்பிப் பாக்க வேணாமா?" என்பார் அப்பா.

"கல்யாணம் வருசத்துக்கு நாலு. மிச்ச நாளெல்லாம் பழம்தான ஏத்தணும்? அம்புட்டு நீளத்த வாய்க்கா மேட்டுல எங்கன கொண்டு போயித் திருப்புவீக?" என்பாள் அம்மா.

வெள்ளைக் காருக்குக் கையில் இருந்த பணம் போதாது. அம்மாவின் வளையல் இரண்டை அடகு வைக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வளையல்கூடப் பெரிதில்லை. கம்பம் மண்டியில் வியாபாரி வைத்ததுதான் விலை. அதே பழத்தைக் குமுளியில், தேக்கடி பார்க்க வருகிறவர்கள் இரண்டு பங்கு கொடுத்து வாங்கிப் போகிறார்கள். சிவப்புக் காரில் பெட்டிகளை ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போய் விற்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள்.

"யாரு, நீயா? மலையிலயா?" அப்பா சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. "ஓட்டுறவுகளுக்கு மட்டும் நாலு கையா இருக்கு?" என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் புரோக்கரை வைத்துக்கொண்டே அப்பா அறிவித்தார். "ரெண்டு கார்லயும் குமுளி போயிட்டு வருவோம். பிள்ளைக்கு எதுல வாந்தி வரலையோ அதுதான் நம்ம காரு. அம்புட்டுத்தான்." வெள்ளைக் கார் தொட்டில் மாதிரி போகும் என்று புரோக்கர் அவருக்குச் சத்தியமே செய்து கொடுத்திருந்தார். அம்மா முறத்து அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "சரி, ஒங்க இஷ்டம்" என்றாள். அவள் இத்தனை சுலபமாக இறங்கி வந்தது அப்பாவுக்கே ஏமாற்றமாக இருந்திருக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கார். அன்று விடியும்போதே வீடு நெய்யாக மணத்தது. பூரி, கிழங்கு, போதாததற்குக் கேசரி. தீபாவளி தவிர எங்கள் வீட்டில் கேசரி கிண்டி நான் பார்த்ததில்லை. "வளர்ற பிள்ள, நல்லாத் தின்னு ஆத்தா" என்று ஐந்து பூரி வைத்தாள் அம்மா. அப்பா என் தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு தன் கேசரியையும் வழித்து என் தட்டில் போட்டார். என் மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்று நான் பூரித்துப் போனேன்.

பின் சீட்டில் நடுவில் நான். "ஏசி ஓடுதுல, கண்ணாடிய எறக்காதீக" என்று வண்டியை ஓட்டிய புரோக்கர் உத்தரவு போட்டார். காருக்குள் மல்லிகை சென்ட் வேறு அடித்து வைத்திருந்தார். மாதா கோயில் வளைவு வரைக்கும்கூட நான் தாங்கவில்லை. புரோக்கரின் சட்டைக் காலரில் தொடங்கி, புதுசாகப் போட்ட சீட்டு உறை முழுக்கக் கேசரி. மனிதர் தானே நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சிவப்புக் கார். அன்றைக்குப் பார்த்துச் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றாள் அம்மா. எனக்குப் பாலில்லாத கட்டங்காப்பி ஒரு வாய், கையில் மோந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம், முன் சீட்டு, முழுசாக இறக்கிய கண்ணாடி. இரைச்சல் பாலம் போனது. மாதா கோயில் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைவுகளை எண்ணினேன். செக்போஸ்ட்டில் கார் நின்றதும் "வரல! வரவே இல்ல!" என்று நான் போட்ட சத்தத்தில் போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். அம்மா எனக்கு இரண்டு பழம்பொரி வாங்கித் தந்தாள். சாயங்காலம் எங்கள் வீட்டில் எப்படியோ தோசை சுட்டார்கள்.

சிவப்புக் கார் வீட்டுக்கு வந்தது. வளையல் கையிலேயே இருந்தது. "எம் மகதான் செலெக்ட் பண்ணுனா" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

அடுத்த அறுப்புக்கு அம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டாள். பத்துப் பெட்டி பழம், பின்னால் எலுமிச்சம்பழத்தோடு நான், முன்னால் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பா. அம்மா பல்லைக் கடித்தபடி வண்டியை மலையேற்றினாள். எதிரே வந்த லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நின்று பார்த்தார். "பாத்தீகளா, எங்க அம்மா!" என்று அவரிடம் கத்தினேன். பதினொரு மணிக்குள் பெட்டிகள் எல்லாம் காலி. அம்மா காலிப் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போது நான் தேனியில் இருக்கிறேன். நாங்களும் கார் வாங்கப் போகிறோம். என் வீட்டுக்காரருக்குப் பெரிய கார் வேண்டும், எனக்குச் சின்னது. என் மகளுக்கு அப்படியே என் வயிறு. எங்கள் வீட்டு வழக்கப்படி குமுளிக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவாகி, போன வாரம் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மொத ஞாயித்துக்கெழம எந்தக் காரு?" என்று கேட்டாள்.

"பெருசும்மா. அவரு கேட்டது."

"அப்பக் காலைல பூரி போடு. அஞ்சு."

அந்தப் பக்கம், அம்மாவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"கேசரிய விட்டுட்டியே! எம் பங்கையும் சேத்துல்ல வச்சேன், அதையும் சொல்லு."

இத்தனை வருடமாக என் வயிற்றின் மேல் நான் வைத்திருந்த கர்வமெல்லாம் அந்த நிமிடத்தோடு போயிற்று. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், ரவை இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்த்தேன்.