டிரையர் குழாய்க்கு ஒரு மூடி

அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து திருத்தணி வீட்டுக்கு வந்த ஐப்பசி அது. தினமும் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும். மழையோ விடவில்லை, மலையே கண்ணுக்குத் தெரியாமல் மேகம் கவிழ்ந்திருந்தது. கொடியில் போட்டதெல்லாம் ஈர நாற்றம் அடித்தது. சென்னையில் இருக்கும் நாத்தனார் தன் வீட்டு டிரையரை அனுப்பிவைத்தார்.

சூடான காற்று வெளியே போகப் பின்சுவரில் துளை போட்டு, என் கணவரே குழாயைப் பொருத்தினார். முதலில் துணி மொறமொறவென்று வந்தது. நாளாக ஆக, ஒரு விரிப்பு காய இரண்டு முறை ஓட்ட வேண்டியதாயிற்று. அப்போதும் தையல் ஓரம் காயவில்லை. மெஷின் மட்டும் தொட்டால் சுட்டது. அக்கா வேண்டாத மெஷினைத் தள்ளிவிட்டுவிட்டாள் என்று கணவர் முனகினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூடு இருந்தும் துணி காயவில்லை என்றால் ஈரக்காற்று உள்ளேயே நிற்கிறது என்றுதானே அர்த்தம்?

பஞ்சு பிடிக்கும் ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தேன். அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினை முன்னே இழுத்தோம். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் குழாய் நசுங்கிக் கிடந்தது. நிமிர்த்தினோம். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். பிறகு குழாயைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். வந்த காற்றில் என் புடவைக் கொசுவம் படபடத்தது. மெஷினில் குறையில்லை.

குழாயை மாட்டி ஓடவிட்டு, குடையோடு வீட்டின் பின்பக்கம் போனேன். துளைக்கு நேரே கை வைத்தால் காற்றே இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. விரலால் கிள்ளினேன். நனைந்த பஞ்சு, அதற்கு அடியில் கொசுவலை.

பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமனார் மெதுவாகச் சொன்னார்: "நான்தாம்மா கட்னேன். பல்லி பூந்து துணியோட வந்துட்ச்சின்னா, உங்க அத்தை பயந்துகினு எழுந்துக்கப் பாப்பா."

அதற்குமேல் எனக்குக் கோபம் எங்கே வரும்? வலையைப் பிய்த்தபோது பஞ்சு தோல் மாதிரி உரிந்து வந்தது. குழாய்க்குள்ளும் கையை விட்டுத் துடைத்தேன். பல்லிக்கு என்ன வழி என்று மாமா விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். காற்று வந்தால் திறந்து, நின்றால் தானே மூடிக்கொள்கிற மாதிரி ஒன்று இருந்தால் போதும் என்றேன். மறுநாளே பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியை வெட்டி, மேலே மட்டும் பிணைத்துத் தொங்கவிட்டார்.

அன்று விரிப்பு ஒரே ஓட்டத்தில் காய்ந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய் அத்தைக்கு விரித்தேன். ஒருக்களித்துப் படுத்தவர் கன்னத்தை அதில் அழுத்திக்கொண்டார்.

"நல்லா கீதும்மா," என்றார். அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டு நான் திரும்பி வருவதற்குள் தூங்கியிருந்தார். மாமாவைத் தேடினேன். மழையில் குடை பிடித்து நின்று, மூடி ஒழுங்காகத் தூக்கிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.