கூரையின் ஒட்டு

வேல்ராஜ் வண்டியின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேராகப் பின்பக்கம் போய், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றி, கூரை மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போவார். இரும்பைக் காந்தம் பற்றிக்கொள்ளும். ஒட்டை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் வழுக்கிவிடும். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "செத்த சும்மா இரிங்க, அது சொல்லட்டும்" என்பார்.

தாராவியில் டின்கர் பட்டறை. வயது ஐம்பத்தாறு. அடிபட்ட கதவுகளை நிமிர்த்துகிறார். சொன்ன நாளில் எதையும் முடித்துக் கொடுத்ததில்லை. கேட்டால் தகட்டின் மேல் பழி போடுவார். ஆனால் பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்று விலைக்கு வந்தால், அது அசல்தானா என்று சொல்ல, சேகரிப்பவர்கள் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். பின்னால் ஐந்தாவது கதவு வைத்து, அதுவரை கூரை நீண்ட அந்த வண்டிகளில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒழச்ச வண்டிலா சார். ஆஸ்பத்திரிக்கு, பேக்கரிக்கு, பொணம் தூக்கன்னு ஓட்டியே கொன்னுட்டானுவ. தப்பிச்சுக் கெடக்கதுக்குத்தான் இப்ப மவுசு."

மற்றவை அழிந்ததால் மட்டுமே எஞ்சிய ஒன்றுக்கு மதிப்பு வருவது சரிதானா என்று எனக்குத் தெளிவில்லை. அவருக்கு அந்தக் கவலை கிடையாது. அவருடைய கேள்வி ஒன்றே: கூரை ஒரே தகடா? சாதாரண காரின் பின்பாதியை வெட்டி, கூரையை ஒட்டி நீட்டி, வேகன் என்று விற்கிறவர்கள் உண்டு.

சென்ற மாதம் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். மேல்மாடித் திருவேங்கடம் சாருக்கு எழுபத்தெட்டு வயது. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து, 2008இல் ஒரு தரகரிடம் அம்பாசடர் எஸ்டேட் என்ற வேகனை வாங்கினார். இப்போது செம்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. வாங்கிக்கொள்ள வெங்கடராமன் என்பவர் தயார். ஏற்கெனவே இரண்டு வேகன் வைத்திருப்பவர். இரண்டும் வேல்ராஜ் பார்த்துச் சொல்லி வாங்கியவை. இதற்கும் வேல்ராஜ் சொன்னால் போதும் என்றிருந்தார்.

காந்தம் கூரையின் நடுவில் வழுக்கியது. வேல்ராஜ் உள்ளே ஏறி, கூரைத்துணியின் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி விலக்கினார். ஒட்டுக்கு அடியில் பட்டையாக ஒரு தகடு. எண்ணெய் டப்பாவிலிருந்து வெட்டியது, மஞ்சள் பெயின்ட் இன்னும் போகவில்லை. அதைப் பார்த்தபடி வெகுநேரம் குனிந்தே இருந்தார். டார்ச் பிடித்திருந்த எனக்குக் கை வலித்தது.

வெளியே வந்து, "அசல் இல்ல சார். வெட்டி ஒட்டுனது" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் ஒட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை. "நாந்தான் ஒட்டுனேன். சயான்ல ஒரு ஷெட்டுல, அந்தத் தரகருக்காக. வேகன்னு சொல்லி விக்கப் போறாருன்னு எனக்குத் தெரியும்."

வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ என் ஆத்துல நிக்கற ரெண்டும் எந்த ஷெட்லேந்து வந்தது?"

"அது ரெண்டும் கம்பெனிலயே செஞ்சது சார்."

"நீ சொல்றே."

"நாந்தான் சொல்லுதேன். நம்பாட்டா வேற ஆளக் கூட்டிட்டு வந்து பாருங்க."

வெங்கடராமன் கேட்டைத் திறந்துகொண்டு போனார். சேகரிப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள். அந்த வாரமே நாலு பேருக்காவது செய்தி போயிருக்கும்.

திருவேங்கடம் சார் வண்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்கானும் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரிஞ்சிருக்காது."

"பின்னே ஏம்ப்பா?"

வேல்ராஜ் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டார். "வேகன்னு சொல்லாம வித்துருங்க சார். ஓடுத வண்டிதான்" என்றார். கிழவர் தலையை அசைத்தார்.

வேல்ராஜ் பின்கதவைத் திறந்தார். திறக்கிறவர் கண்ணில் முதலில் படும் சட்டத்தில், ஸ்க்ரூ டிரைவர் முனையால் பெயின்ட் உதிர உதிர, தன் முழுப்பெயரையும் 2008 என்ற ஆண்டையும் கீறினார். கீறி முடித்து, உதிர்ந்த தூளை வாயால் ஊதிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.