முத்தாரம்மாள் சொன்ன தெரு

பாட்டிலும் தகரமும் பொறுக்கி, சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் வாங்கும் ஆக்கிரிக் கடையில் எடைக்குப் போடுகிறவள் முத்தாரம்மாள். வள்ளியூர்ப் பக்கமிருந்து கூட்டிவந்த புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு பதினாறு வருஷமாக ஒரு சாக்கோடுதான் பிழைப்பு. யாராவது சிரித்துப் பேசினால் சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டு நடையைக் கட்டுவாள். முன்பு ஒருத்தன் அப்படித்தான் சிரித்துக்கொண்டே எல்லார் பேரையும் எழுதிப் போனான். மறு மாதம் குடிசைகளைப் பிரித்துப் போட்டார்கள்.

2003இல் கிருஷ்ணவேணி வந்தாள். ஸ்ரீவராகத்துப் பெண், டிராயிங் டீச்சர். ஆக்கிரிக் கடை வாசலில் பன்னிரண்டு பேரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீங்க பொறுக்கற சாமானை வெச்சே நம்ம ஊரு மேப் மாதிரி ஒரு படம் பண்ணலாம். யார் எந்தத் தெருவுல எடுக்கறேளோ, அதை நீங்களே பலகையில ஒட்டணும்."

"எந்தத் தெருன்னு டீச்சருக்கு எதுக்கு அறியணும்?" என்றாள் முத்தாரம்மாள்.

"படத்துக்குத்தான் அம்மா. வேறொண்ணும் இல்லை."

அவள் நம்பவில்லை. கரமனையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசல் அவளுக்கு மட்டுமே திறக்கும். முகூர்த்த நாளில் காவல்காரன் ஞானையன் தாழ்ப்பாளை நீக்கிவிடுவான். மூன்று சாக்கு தண்ணீர் பாட்டில் தேறும். அது பலகையில் ஏறினால், எதிரே உட்கார்ந்திருக்கும் வேலாயுதன் மறுநாளே அங்கே நிற்பான். கிள்ளிப்பாலம் என்று சொல்லிவைத்தாள். அந்தப் பக்கம் அவள் போய் எட்டு வருஷமாகிறது.

ஆறு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. நீலப் பால் கவரை வெட்டிக் கிள்ளியாற்றை அவள்தான் ஒட்டினாள், நன்றாகவே வந்தது. ஆனாலும் டீச்சர் கேமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒட்டி மிஞ்சின பாட்டில் மூடிகளை டீச்சர் எந்தப் பையில் போடுகிறாள் என்றும் ஒரு கண் வைத்திருந்தாள்.

கடைசியில் பள்ளிக்கூட ஹாலில் படத்தை மாட்டினார்கள். "இவா தினம் நடக்கற வழி இது. ஒவ்வொண்ணும் இவாளே சொன்னது" என்று வந்தவர்களிடம் கிருஷ்ணவேணி காட்டிக்கொண்டிருந்தாள்.

வேலாயுதன் தன் இடத்தை உளறியிருக்கிறானா என்று முத்தாரம்மாள் கிட்டே போய்ப் பார்த்தாள். அவன் கவடியாரை ஒட்டியிருந்தான். தினமும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறவன். மணக்காட்டை விட்டு நகராத சுசீலாபாய் பேட்டையை ஒட்டியிருந்தாள். முத்தாரம்மாளுக்குத் தெரிந்தவரை ஒருத்தர்கூட உண்மை சொல்லவில்லை.

"கவடியாருக்கு நீ எப்பப் போன?" என்று வேலாயுதனிடம் மெல்லக் கேட்டாள்.

"நீ கிள்ளிப்பாலத்துக்குப் போன அன்னைக்கு."

சிரிப்பு வந்தது. அதற்குள் கிருஷ்ணவேணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, படம் எப்படி?"

"கொள்ளாம் டீச்சரே, நல்லாத்தான் இருக்கு."

"ஒரு நாள் கிள்ளிப்பாலத்துல உங்களோட நானும் நடக்கட்டுமா?"

அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வரவில்லை. "நாளைக் கழிச்சு வாங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே முத்தாரம்மாள் கிள்ளிப்பாலம் வரை நடந்தாள். எந்தச் சந்தில் என்ன கிடக்கிறது என்று பார்த்துவைக்க வேண்டியிருந்தது.