என்னை விட்டுக்கொடுத்த பெரிய மனசு

எங்கள் தெருவில் ஒருவன் என்னைக் காதலித்தான். இந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவன் காதலித்தான், அவனே ஊருக்குச் சொன்னான், அவனே அழுதான், அவனே பேரும் வாங்கிக்கொண்டான். நான் பாட்டுக்கு டிப்ளமோ முடித்து, காரைக்காலில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அவன் ஒரு நடிகரின் ரசிகன். ரசிகன் என்றால் படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற ரகம் இல்லை. அந்த நடிகர் ஒரு படத்தில் மீசையை முறுக்கினால் மறுவாரம் இவன் மீசையும் முறுக்கிக்கொண்டு நிற்கும். அவர் புல்லட்டில் வந்தால் இவன் அண்ணனுடைய ஸ்கூட்டியிலாவது அப்படிச் சாய்ந்து உட்காருவான். காதலில் தோற்றவராக அவர் தாடி வளர்த்த படம் ஒன்று வந்தது. இவனும் வளர்த்தான். அதுவரை என்னிடம் வந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குள் தோல்விக்குத் தாடி தயார்.

பிறகு பேருந்து நிலையத்தில் வந்து பேசினான். எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். சிரித்தான். மறுபடி வந்தான், மறுபடி சொன்னேன், மறுபடி சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அவன் பார்த்து வளர்ந்த படங்களில் பெண் சொல்லும் 'பிடிக்கல' என்பது இடைவேளைக்கு முன்னால் வரும் ஒரு காட்சி. அதற்குப் பிறகுதான் படமே. நான் மறுக்க மறுக்க, கதை சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று அவன் நினைத்திருக்கிறான். இவனிடம் எந்த மொழியில் சொல்வது?

கூடப் படித்த பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களுக்குப் பொறாமை. 'நமக்கெல்லாம் எவன்டி வெயில்ல நிக்கிறான்' என்றார்கள். வீட்டில் சொன்னேன். அப்பா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டு யாரையும் பேசிப் பழக்கமில்லாதவர். சட்டையை மாட்டிக்கொண்டு போய் அவன் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்தார். அவன் அப்பா காபி கொடுத்து உபசரித்து, வயசுப் பையன்கள் அப்படித்தான், நம்ம காலத்தில் நாம் பண்ணாததா என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கிறார். தான் அப்படி ஒன்றும் பண்ணியதில்லை என்பதை அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அங்கே சொல்லியிருக்கலாம்.

அதற்கப்புறம்தான் எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு நாகப்பட்டினம், சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. நிச்சயம் முடிந்து மோதிரம் மாற்றிக்கொண்டபின் தினமும் பேசினோம். அவருக்கு ஊசி என்றால் பயம். ஆறடி ஆள், ரத்தம் எடுக்கப் போனால் நர்ஸிடம் 'கொஞ்சம் பேசிக்கிட்டே எடுங்க' என்று கெஞ்சுவாராம். கல்யாணத்துக்குப் பிறகு நானே எடுக்கிறேன், வலிக்காது என்பேன். நான் சாப்பிட்டேனா என்று கேட்பார், கேட்டுவிட்டு என்ன குழம்பு என்றும் கேட்பார். முதல் கேள்வியை எல்லாரும் கேட்பார்கள். இரண்டாவதை யாரும் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மறைத்து என்ன ஆகப்போகிறது, ரொம்பவே பிடித்துப்போயிற்று.

அவரிடம் ஒரே ஒரு கிறுக்கு. யூடியூபில் ஒரு நிகழ்ச்சி பார்ப்பார். பிரிந்துபோன காதலர்களைக் கூட்டிவந்து எதிரெதிரே உட்கார வைத்து, பின்னால் வயலின் வாசிக்க, இப்போது மனசு விட்டுப் பேசுங்கள் என்பார்கள். அவர்கள் அழுவார்கள், நடத்துகிறவர் அழுவார், சென்னையில் அறையில் உட்கார்ந்து இவரும் அழுவார். அழுதுவிட்டு எனக்கு அனுப்புவார். கட்டிக்கப்போகிற பெண்ணை அவள் காதலனிடமே சேர்த்துவைத்த ஒருவர் வந்த பாகத்தை மட்டும் நாலைந்து தடவை பார்த்திருக்கிறார். 'மனுசன்னா இவருதாங்க' என்றார். நான் கேலி செய்தேன். என் கேலிக்குச் சிரித்தார்.

எங்கள் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று பூசை முடிகிற நேரத்தில் வாசிப்பது. அந்த நேரம் பெரும்பாலும் பெண்கள் பிள்ளைகளின் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். யாரும் எதையும் தெரிவித்து நான் பார்த்ததில்லை.

என் முதல் ஓலை வாசித்த அன்றைக்குத் தெரிவிக்க ஒருவன் போனான். அவன்தான். தடை இருக்கிறது என்றானாம். ஃபாதர் பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு விசாரித்திருக்கிறார். ஏற்கெனவே உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லை. பெண் வாக்குக் கொடுத்திருக்கிறதா? இல்லை. பிறகு என்னப்பா தடை? 'நான் லவ் பண்றேன் ஃபாதர்.' அது தடை இல்லை, போய்ச் சாப்பிட்டுத் தூங்கு என்று அனுப்பிவிட்டார். இந்தக் கதையில் எனக்காகப் பேசிய ஒரே ஆள் அந்த ஃபாதர்தான். அதுவும் சட்டத்தில் அப்படி இருந்ததால்.

இரண்டாவது ஓலை அன்றைக்குப் பூசை முடிந்து வெளியே வந்தோம். கோவில் வாசலில் மாதா சிலை வைத்திருக்கும் கெபிக்கு முன்னால் அவன் மண்டி போட்டிருந்தான். தாடி, கறுப்புச் சட்டை, கையில் ஒற்றை ரோஜா. என்னைப் பார்க்கக்கூட இல்லை, மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி இரண்டு பையன்கள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரையில் ஜோடிகளிடம் மைக்கை நீட்டி, யார் முதலில் காதலைச் சொன்னது என்று கேட்டு ஒரு சேனல் நடத்துகிற பையன்கள். நான் குனிந்துகொண்டு அம்மாவோடு நடந்தேன். வேறெப்படி நடப்பது?

சாயங்காலத்துக்குள் அது ரீல்ஸில் வந்துவிட்டது. அவன் மண்டி போட்டிருக்கிறான், நான் கடந்து போகிறேன், மெதுவாகப் போகிறேன், அதாவது மெதுவாகப் போக வைத்திருக்கிறார்கள். சோகப் பாட்டு. என் முகத்தை மட்டும் மறைத்திருந்தார்கள், நாகரிகமாம். நான் கட்டியிருந்த பச்சைப் புடவை யாருடையது என்று எங்கள் ஊருக்குத் தெரியாதா? கிளிஞ்சல்மேட்டிலிருந்து போலகம் வரைக்கும் அது போகாத போன் இல்லை. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் என் கையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள். கீழே எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். படித்திருக்கக்கூடாது. 'இப்படி ஒருத்தன் கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்' என்பது பெண்கள் எழுதியது. 'வெளியூர் மாப்ளன்னதும் மறந்துருவாளுங்க' என்பது ஆண்கள். மறக்க என்ன இருந்தது?

மாப்பிள்ளையிடமிருந்து இரண்டு நாளாகப் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன், பேருந்து நிலையம், அப்பா போய்ப் பேசியது, ஓலை, எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார். எங்களுக்குள் எப்போதும் எதுவும் இருந்ததில்லை என்று முடித்தேன்.

"உங்களுக்கு இல்லாம இருக்கலாங்க. அவருக்கு இருக்குல்ல?"

அவருக்கு. தெருவில் என்னை நடக்கவிடாமல் செய்தவன் அவராகிவிட்டான். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். என்ன குழம்பு என்று நான் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த வாரமே, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். பத்திரிகை விஷயமாகப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டு ஓடிவந்தாள். அவருக்குப் பின்னாலேயே அவன் இறங்கினான். அதற்கும் பின்னால் சேனல் பையன்கள் இரண்டு பேரும், போனைத் தூக்கிப் பிடித்தபடி. ரீல்ஸுக்குக் கீழே இருந்த எண்ணுக்கு இவரே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

கூடத்தில் வந்து நின்று மாப்பிள்ளை பேசினார். நிறையப் பேசினார். ஒரு உண்மையான காதலைப் பிரித்துவிட்டுத் தன்னால் சந்தோஷமாக வாழ முடியாது என்றார். இந்தக் காலத்தில் இப்படி நேசிக்க ஆள் கிடைக்காது என்றார். மோதிரத்தைக் கழற்றி அப்பாவின் கையில் வைத்தார். அவன் கையைப் பிடித்து என் பக்கமாக நீட்டினார். அவன் அழுதுகொண்டிருந்தான். அப்பா உள்ளங்கையில் மோதிரத்தோடு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது, யாரும் போகவில்லை.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று சொல்வார்கள். உடைத்தவனுக்குப் புண்ணியம், பிள்ளையாருக்குத் தேங்காய். இங்கே நான்தான் தேங்காய்.

எங்கள் வீட்டில் பெண்கள், இன்னாரைப் பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. அம்மா இன்றுவரை அப்பாவைப் பிடிக்கும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு எதிரே, அந்நியப் பையன்களுக்கு எதிரே, ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த தெருவுக்கு எதிரே நான் சொன்னேன்.

"எனக்கு இவன புடிக்கலங்க. என்னைக்குமே புடிச்சதில்ல. எனக்கு உங்களத்தான் புடிச்சிருக்கு. உங்களத்தான் கட்டிக்கணும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி போனில் என்னோடு பேசிய மனுஷன்தான் என் எதிரே நின்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்புறம் அவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்த பையனைப் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நிச்சயம் ஆயிட்டுதுங்கிற கடமைக்காகச் சொல்றீங்க. உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது. அதுக்காகவே நான் விலகிக்கிறேன்."

என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். தெருவில் யாரோ கைதட்டினார்கள். ஒருவர் தட்டியதும் இன்னும் நாலு பேர் தட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஓலை வாசிக்கப்படவில்லை. அவனை நான் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றதும் ஊரே என்மேல் திரும்பியது. ஒருத்தன் உயிரைக் கொடுக்கிறான், ஒருத்தன் உன்னையே கொடுக்கிறான், உனக்கு மனசு கல்லா என்றார்கள். ஊரை விடுங்கள். ஒரு மத்தியானம் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தட்டில் ஒரு மீன் துண்டைக் கூடுதலாக வைத்து, பேசாமல் அவனையே கட்டிக்கொள்ளேன், இவ்வளவு ஆசை வைத்திருக்கிறானே என்றாள். அந்த மீனைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்தேன். அம்மாவும் அந்த ரீல்ஸைப் பார்த்திருக்கிறாள். பார்த்து அழுதிருக்கிறாள்.

அவர்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவனுக்கு முகம் தெரியாத பெண்கள் எல்லாம் ஆறுதல் சொல்லி எழுதினார்கள், அதில் ஒருத்தியைத் தவக்காலம் கழிந்ததும் கட்டிக்கொண்டான். தாடியை எடுத்துவிட்டான், அந்த நடிகரும் எடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் வீட்டார் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று தேடி வந்தார்களாம். எனக்கும் வரன் வருகிறது. வருகிறவர்கள் வீட்டில் எப்படியும் ஒரு தங்கச்சி இருப்பாள், அவள் போனில் நான் இருப்பேன். அப்புறம் ஜாதகம், வேலை, தூரம் என்று ஏதாவது சொல்லி நின்றுவிடும். நாங்கள் ஜாதகம் பார்க்காத ஜனம், அதையும் சொல்கிறார்கள்.

கூடத்தில் எடுத்த அந்த வீடியோவைச் சேனல் பையன்கள் வெட்டி ஒட்டிப் போட்டார்கள். மோதிரம் கழற்றுவது இருக்கிறது. அவன் அழுவது இருக்கிறது. மாப்பிள்ளை பேசியது ஒரு வார்த்தை விடாமல் இருக்கிறது. நான் வருகிற இடத்தில் பாட்டைப் போட்டுவிட்டார்கள். என் வாய் அசைகிறது, கண்ணில் தண்ணீர் நிற்கிறது, மேலே எவனோ பாடுகிறான். பிறந்ததிலிருந்து ஒரு ஆணிடம் நீதான் வேண்டும் என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கேட்டவர்கள் அந்தக் கூடத்தில் நின்றவர்கள் மட்டும். கீழே எல்லாரும் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள், அவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்று, காதலை ஒத்துக்கொள்கிறாள் என்று, நன்றி சொல்கிறாள் என்று.

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் சர்க்கரை பார்க்க வந்தாள். கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தையே பார்த்தவள், தயங்கித் தயங்கி, நீங்கள்தானே அந்த அக்கா என்றாள். ஆமாம் என்றேன். அந்த இடத்தில் பாட்டு ஓடுகிறதே, அப்போது என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

இத்தனை காலத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள். சொன்னேன். அன்றைக்குச் சொன்ன வார்த்தைகளை அப்படியே, ஒன்றுவிடாமல், அன்றைக்குச் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகம் வாடிப்போயிற்று.

"அப்ப உங்களுக்கு அந்தத் தாடிக்கார அண்ணனப் புடிக்கவே இல்லியா? பாவம்க்கா அந்த அண்ணன்."

கையை இறுக்கி மூடிக்கொள் என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தேன்.